திடலைக் கொடு! சாலையை விடு!

முழக்கங்கள் இரண்டு. முதல் முழக்கம் ஆள்வோரை நோக்கி. இரண்டாம் முழக்கம் நம் வீட்டுப் பிள்ளைகளை நோக்கி. முதலாவதை மட்டும் எழுப்பினால், பொறுப்பற்ற கூட்டம் என்று நம்மைத் தூற்றுவர். இரண்டாவதை மட்டும் எழுப்பினால், போலீஸ்காரர் கையிலுள்ள லத்திக்கும் நம் கையிலுள்ள பேனாவுக்கும் வேறுபாடு இல்லாமற் போகும். எனவே இரண்டையும் சேர்த்தே எழுப்புகிறோம்.

எதைப் பற்றி? 'வீலிங்' பற்றி! மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தை அந்தரத்திலே தூக்கி, பின் சக்கரம் ஒன்றிலேயே வண்டியை ஓட்டுகிற அந்த வித்தையைப் பற்றி.

"தோழரே! விலைவாசி ஏறிக் கிடக்கிறது. ஆண்டுக் கணக்கில் உழைத்த ஒப்பந்தத் தொழிலாளி இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இவற்றை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் வேடிக்கையைப் பற்றியா எழுதுவது?" என்று கேட்போர் இருக்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். அந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு வயது என்ன? இருபது, இருபத்திரண்டு. ஷிப்டு முடிந்ததும் அவன் தேடிப் போவது சங்க அலுவலகத்தையா, மோட்டார் சைக்கிளையா? அவன் உள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே நாம் போகவில்லை. நம் இடத்துக்கு அவன் வரவில்லையே என்று மட்டும் ஏங்குகிறோம். பயன் என்ன? மேலும், இது வேடிக்கையோடு முடிகிற காரியமும் அல்ல. சில வீடுகளில் இது ஒப்பாரியிலே முடிகிறது.

சானமாவுச் சாலை

சானமாவை அறியாத வெளியூர்த் தோழர்களுக்காகச் சில சொற்கள். ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறது சானமாவு. ஆலைகள் நிறைந்த ஓசூர் ஒரு பக்கம். அதன் விலாவை ஒட்டினாற்போல் காடு. கர்நாடக எல்லையும் தொலைவில் இல்லை. ஆண்டுதோறும் கேழ்வரகு கதிர் முற்றும் பருவத்தில், கர்நாடகத்துப் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரிக் காடுகள் வழியே வந்து சானமாவில் தங்குகின்றன. பகலெல்லாம் காட்டில், இருட்டியதும் வயலுக்கு! போகும்போதும் வரும்போதும் சாலையைக் கடக்கின்றன. வனத்துறையினர் விரட்டுகிறார்கள்; குடியானவர்கள் பட்டாசு வெடித்துக் காவல் காக்கிறார்கள்; தண்டோராப் போடாத குறையாக எச்சரிக்கை செய்கிறார்கள்.

அதே சாலையிலேதான் தொழிலாளி ஷிப்டுக்குப் போகிறான். ராயக்கோட்டைத் தக்காளி அதே சாலையிலேதான் சந்தைக்கு வருகிறது. வேலை முடித்த பெண்கள் ஸ்கூட்டரில் வீடு திரும்புவதும் அதே சாலையில்தான். இத்தனை பேருக்கும், போதாததற்கு யானைக்கும் உரிய சாலை அது.

ஆனால் அந்தச் சாலை ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் எப்படிக் கிடக்கும்? அகலமாக, நேராக, ஆளரவமின்றிக் கிடக்கும். இருபது வயது இளைஞன் கையிலே புது வண்டி. பின்னால் வரும் தோழன் கையிலே செல்போன் கேமரா. முன் சக்கரத்தைத் தூக்கிப் பார்க்க ஆசை வராதா? வரும். அந்த ஆசை எங்கிருந்து வந்தது?

ஓசூர் தந்த ஆசை

வானத்திலிருந்து குதித்து வந்ததல்ல. ஓசூர் மண்ணிலேயே விளைந்தது. 1980-ல் ஓசூர் ஆலையிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற சின்னஞ்சிறு மொபெட் வெளிவந்தது. இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் பால் கேன் கட்டலாம். ஏற்றத்திலே மூச்சு வாங்கும். ஏழையின் வண்டி! அதிலே முன் சக்கரம் தூக்குகிற பேச்சே இல்லை. 1982-லேயே அந்த நிறுவனம் பந்தயப் பிரிவையும் தொடங்கிவிட்டது. பந்தயத்திலே கற்றது வண்டியிலே இறங்கியது, அப்பாச்சி வந்தது. ஜெர்மனி நாட்டு பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் 310 வண்டிகளும் ஓசூரிலே உருவாகிக் கப்பலேறின. 2023 செப்டம்பரில் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310 வெளியாயிற்று. 35 குதிரைத் திறன்! மொபெட்டிலே தொடங்கிய ஊர், கைப்பிடியைச் சற்று முறுக்கினாலே முன் சக்கரம் துள்ளுகிற வண்டியைச் செய்து உலகுக்கு அனுப்புகிறது.

செய்தது யார்? முதலாளியின் மூலதனம் உண்டு, எஞ்சினீயரின் வரைபடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போல்ட்டை முறுக்கிய கை, எஞ்சினைப் பூட்டிய கை, செயினை மாட்டிய கை பாட்டாளியின் கை. தான் செய்த வண்டியைத் தானே ஓட்டிப் பார்க்க அவன் விரும்புவது குற்றமா? இரண்டரை லட்ச ரூபாய் வண்டியை மாதத் தவணையில் வாங்கி, சம்பளத்திலே பாதியைக் கட்டிவிட்டு, மீதியிலே வாடகையும் சோறும் பார்த்துக்கொள்கிறான். அவன் விலை கொடுத்தது இரும்புக்கு மட்டுமல்ல. விளம்பரத்திலே காட்டிய கனவுக்கும் சேர்த்தே கொடுத்தான்.

அந்த விளம்பரங்களைத்தான் பாருங்களேன்! வண்டி சீறுகிறது, பாய்கிறது, முன் சக்கரம் விண்ணை முட்டுகிறது. கீழே ஓர் ஓரத்தில், எறும்புக்கும் கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், 'பயிற்சி பெற்றவர்கள் மூடிய களத்தில் செய்தவை. நீங்கள் முயலாதீர்கள்' என்றொரு வாசகம். ஆசையைப் பெரிய எழுத்தில் விற்கிறார்கள். அறிவுரையைச் சிறிய எழுத்தில் ஒளிக்கிறார்கள். வண்டி எழும்பாமல் அடக்குகிற மின்னணுக் கருவிகூட இன்று உண்டு. அதே ஆர்.டி.ஆர். 310-ல் முன் சக்கரம் எழுவதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அது கூடுதல் பணம் கொடுப்போருக்கு! வேகம் எல்லோருக்கும், பாதுகாப்பு காசுள்ளவனுக்கு. இது ஒரு கம்பெனியின் வழக்கமல்ல. இந்தச் சந்தையின் வழக்கமே இதுதான்.

வித்தை என்றால் ஆசான் வேண்டும்

வீலிங் என்பது காலித்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள் பெரிய மனிதர்கள். தவறு. அது ஒரு வித்தை. அதற்கும் கணக்கு உண்டு, நெறி உண்டு.

எஞ்சின் பின் சக்கரத்தை முறுக்கும்போது வண்டி முன்னே ஓடுகிறது. அதே நேரத்தில் முன்பக்கம் இலேசாகி மேலெழ முயல்கிறது. முறுக்கு மிகுந்தால் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். ஆக்சிலேட்டரை மட்டும் முறுக்கித் தூக்குவது ஒரு முறை. கிளட்சை அரைகுறையாகப் பிடித்து, எஞ்சின் வேகமெடுத்ததும் விட்டுத் தூக்குவது மற்றொரு முறை. எழுந்த பிறகு ஒரு கட்டத்தில் வண்டியின் பாரம் முழுதும் பின் சக்கரத்தின் மேல் நேராக நிற்கும். தராசு முள் நடுவில் நிற்பது போன்ற நிலை அது. அதற்கு இப்பால் இருந்தால் சக்கரம் இறங்கிவிடும். அதைத் தாண்டினால் வண்டி மல்லாக்கச் சாயும். ஓட்டியவன் முதுகு கீழே, வண்டி மேலே!

அந்த நிலையில் உயிரைக் காப்பது எது? கையல்ல, கால்! வலது காலின் கீழுள்ள பின் பிரேக். அதை மெல்ல அழுத்தினால் முன் சக்கரம் தரைக்கு இறங்கும். ஆகவே இந்த வித்தையின் முதற்பாடம் தூக்குவதல்ல, இறக்குவது. ஆனால் செல்போனிலே பத்து விநாடிப் படம் பார்த்துக் கற்கிறவன் தூக்குவதை மட்டுமே பார்க்கிறான். கால் அங்கே என்ன செய்கிறது என்பது படத்திலே தெரிவதில்லை.

பழகாதவனுக்கு நேர்வது என்ன? சக்கரம் எழுந்ததும் உடல் பின்னால் சரிகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கைப்பிடியை இறுகப் பற்றுகிறான். இறுகப் பற்றிய கை ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்குகிறது. வண்டி இன்னும் எழுகிறது. பயமே அவனைக் கவிழ்க்கிறது! மற்றொருவன் திடுக்கிட்டு ஆக்சிலேட்டரை முழுதும் விட்டுவிடுகிறான். முன் சக்கரம் தடாலென்று விழுகிறது. கோணலாக விழுந்தால் ஹேண்டில்பார் இடமும் வலமும் அடித்துக்கொண்டு ஆளைத் தூக்கி எறிகிறது. வண்டிக்கும் சேதம்தான். ஃபோர்க்கின் எண்ணெய் கசியும், செயின் தளரும், நெடுநேரம் தூக்கி ஓட்டினால் எஞ்சின் எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கி, எஞ்சினே தேய்ந்துபோகும். மெக்கானிக் தோழர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இன்னொன்று; இதுதான் முதன்மையானது. முன் சக்கரம் மேலே இருக்கும்போது அந்த வண்டிக்கு முன் பிரேக் இல்லை. வளைத்துத் திருப்புகிற ஹேண்டில்பார் இருந்தும் இல்லை. எதிரே இருப்பதை வண்டியின் உடலே மறைத்துவிடுகிறது. இருட்டு நேரமானால் முகப்பு விளக்கு சாலைக்கு ஒளி காட்டாது; சானமாவுக் காட்டின் மரக்கிளைகளுக்குத்தான் காட்டும்! அந்த இருட்டிலே சாலையின் நடுவே நிற்பது யானையா, சைக்கிளில் போகும் கிழவனா, பிள்ளையை இடுப்பிலே சுமந்த தாயா? யாராக இருந்தாலும் ஓட்டுகிறவன் பார்க்க முடியாது. பார்த்தாலும் நிறுத்த முடியாது. நிறுத்த முடியாவிட்டாலும் ஒதுங்க முடியாது.

சிலம்பம் கற்க விரும்புகிறவனை ஆசான் முதல் நாளே கம்பு சுழற்ற விடுவதில்லை. காலடி வைக்கக் கற்றுத் தருகிறார். சந்தைக் கூட்டத்தின் நடுவே நின்று கம்பு சுழற்றவும் அனுமதிப்பதில்லை. வித்தைக்குக் களம் உண்டு. களத்துக்கு எல்லை உண்டு. இங்கிலாந்து நாட்டிலே வீலிங் கற்றுத் தருவதற்கென்றே பள்ளிகள் இருக்கின்றன. பொதுச் சாலையில் அல்ல, ஒதுக்கமான ஓடுதளங்களில் கற்பிக்கிறார்கள்; குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் சக்கரம் எழாதபடி தடுக்கும் கருவியையும் வண்டியிலே பொருத்துகிறார்கள். 1991-ல் ஜப்பானியர் யாசுயுகி குடோ என்பவர் ஒற்றைச் சக்கரத்திலேயே 331 கிலோமீட்டர் ஓட்டி உலகை வியக்க வைத்தார். ஓசூரிலிருந்து சென்னைக்குள்ள தூரத்துக்கும் மேல்! எங்கே ஓட்டினார்? மூடிய சோதனைத் தடத்தில். எதிலே ஓட்டினார்? இராட்சத வண்டியிலா? இல்லை, 220 சி.சி. வண்டியில்.

டில்லியிலே குடியரசு நாளன்று, ராணுவ வீரர்கள் மோட்டார் சைக்கிள்மீது ஏறி நின்று மனிதக் கோபுரமாகவே வருகிறார்கள். தலைவர்கள் கைதட்டுகிறார்கள். அது காலித்தனம் என்று யாரும் சொல்வதில்லை. ஏன்? பயிற்சி இருக்கிறது, ஆசான் இருக்கிறார், களம் இருக்கிறது. அங்கே வீரம், இங்கே குற்றம்! இடையிலே இருப்பது திடல் ஒன்றுதான்.

தாமல் தந்த பாடம்

2023 செப்டம்பர் 17. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் அருகே, யூடியூபில் பெயர் பெற்ற டி.டி.எஃப். வாசன் வீலிங் செய்ய முயன்று தூக்கி எறியப்பட்டார். வண்டி சுசூகி ஹயபுசா; விலை பதினாறு லட்சத்துக்கு மேல். கை எலும்பு முறிந்தது. இரண்டு நாளில் கைது. அக்டோபரில் உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. அந்த வண்டியை எரித்துவிடலாம், யூடியூப் சேனலை மூடிவிடலாம் என்று நீதிபதி கடுமையாகச் சொன்னார். ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. நவம்பர் முதல் நாள்தான் ஜாமீன் கிடைத்தது.

தாமலைத் தாண்டி அதே நெடுஞ்சாலையில் மேற்கே வந்தால் வேலூர், கிருஷ்ணகிரி, பிறகு நம் ஓசூர். சாலை ஒன்றுதான். ஆனால் விழுகிறவர்கள் ஒன்றல்லர்! அவர் உயர்ந்த தலைக்கவசம், திணிப்பு வைத்த மேலாடை, கையுறை, காலணி எல்லாம் அணிந்திருந்தார், உயிர் பிழைத்தார். அவரைப் பார்த்துப் பழகுகிற நம் தொழிலாளத் தம்பி எதை அணிந்திருக்கிறான்? ஆலையில் கொடுத்த நீலச் சட்டை. காலிலே ரப்பர் செருப்பு. தலைக்கவசம் கண்ணாடிக் கம்பியிலே தொங்குகிறது. அவர் விழுந்தார், எழுந்தார். இவன் விழுந்தால் எழுவானா?

எழாவிட்டால் வீட்டின் கதி என்ன? 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு கர்நாடக வழக்கிலே தெளிவாக்கிவிட்டது. தன் சொந்த அதிவேகத்தாலும் பொறுப்பின்மையாலும் வண்டியைக் கவிழ்த்து மாண்டவரின் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தர வேண்டியதில்லை என்பது அதன் முடிவு. ஆக, வண்டி நொறுங்கும், தவணை நிற்காது. பிள்ளை போவான், கடன் போகாது. ஒப்பந்தக்காரன் மறுநாளே வேறு ஆளை அந்த இடத்திலே நிறுத்துவான். தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ இருக்கும் தாய்க்கு மிஞ்சுவது செல்போனிலே ஓடுகிற பத்து விநாடிப் படம்.

அந்தத் தாய்க்கு மட்டுமா? 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். ஒன்றிய அரசின் போக்குவரத்து அமைச்சகம் தந்த கணக்கு இது. நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 உயிர்கள். இவர்கள் எல்லோரும் வீலிங் செய்து மாண்டார்கள் என்று சொல்லவில்லை, அது பொய்யாகும். பெரும்பாலோர் வேலைக்குப் போனவர்கள், வீடு திரும்பியவர்கள். அப்படிப்பட்ட சாலையை, இத்தனை பிணம் விழுகிற சாலையை, நாம் ஒத்திகைத் திடலாக்கலாமா? நம் வித்தைக்கு வழியிலே போகிற இன்னொரு தொழிலாளியை ஈடு வைக்கலாமா?

கூடாது! இதிலே விட்டுக்கொடுப்பு இல்லை. சாலையை விடு என்று நாம் சொல்வது சட்டத்துக்கு அஞ்சி அல்ல. சக தொழிலாளியின் உயிருக்கு அஞ்சி.

கார்களுக்கு வீதி, நமக்கு?

சாலையை விடச் சொன்ன நாம், அவன் எங்கே போவான் என்பதற்கும் விடை சொல்ல வேண்டும். போலீஸார் வண்டியைப் பறிமுதல் செய்கிறார்கள், அபராதம் போடுகிறார்கள். செய்யட்டும். சட்டம் இருக்கிறது: அபாயகரமாக ஓட்டினால் முதல் முறையே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். பதினெட்டு வயது நிரம்பாதவனிடம் வண்டியைக் கொடுத்தால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும். ஆனால் சட்டம் 'இங்கே செய்யாதே' என்று மட்டும் சொல்கிறது. 'அங்கே செய்' என்று கை நீட்டிக் காட்ட ஓர் இடம் இருக்கிறதா?

இருங்காட்டுக்கோட்டையிலே பந்தயத் தடம் இருக்கிறது. 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், சோழவரத்துப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திப் பழகி, பிறகு அமைத்த தடம் அது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் தடம் இருக்கிறது. ஓசூரிலிருந்து ஒன்றுக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். மற்றொன்றுக்கு ஏறத்தாழ 300. ஒரு நாள் விடுமுறைக்கு ஒரு நாள் சம்பளத்தை இழக்கிற ஒப்பந்தத் தொழிலாளி அங்கே போய், கட்டணம் கட்டி, கவச உடை வாங்கிப் பழகுவானா? வண்டி பிறக்கிற ஊரிலே பழகத் திடல் இல்லை. நெல் விளைகிற ஊரிலே உலை வைக்க அரிசி இல்லாத கதைதான் இது!

2024 ஆகஸ்டு 31-ம் நாளும் செப்டம்பர் முதல் நாளும் சென்னையிலே என்ன நடந்தது? தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் வீதியை மூடி, தடுப்புச் சுவர் கட்டி, இரவைப் பகலாக்கும் விளக்குகள் போட்டு, ஃபார்முலா 4 கார்ப் பந்தயம் நடத்தினார்கள். நடத்தியதைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல. உலகம் நம் பக்கம் திரும்பியது, நல்லதே. நாம் கேட்பது ஒன்றுதான். தலைநகரின் வீதியைக் கார்களுக்காக மூட முடிந்தது. ஓசூரில் சில ஏக்கர் நிலத்தைத் தொழிலாளியின் மோட்டார் சைக்கிளுக்காக வேலி போட்டுத் தர முடியாதா? சீமான் வீட்டுப் பிள்ளையின் வேகம் விளையாட்டு, உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் வேகம் வழக்கு. இது என்ன நீதி?

திடல் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டாம். சானமாவுக்கு அண்மையிலுள்ள கோபசந்திரத்தில், 2023 பிப்ரவரி 2-ம் நாள், எருது விடும் விழாவுக்கு அனுமதி கிடைக்காத ஆத்திரத்தில் இளைஞர் திரண்டு நெடுஞ்சாலையை மறித்தார்கள். பல மணி நேரம் போக்குவரத்து நின்றது, கற்கள் பறந்தன, பேருந்துக் கண்ணாடிகள் நொறுங்கின. கல்லெறிந்ததை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தக் காளைக்கு உள்ள ஏற்பாட்டைப் பாருங்கள். நாள் குறிக்கிறார்கள்; தடுப்பு கட்டுகிறார்கள்; மருத்துவர் நிற்கிறார்; ஊர்ப் பெரியவர்கள் பொறுப்பேற்கிறார்கள். ஆபத்தான விளையாட்டை ஊரே நெறிப்படுத்தி நடத்தத் தெரிந்த மக்கள் நாம். இரும்புக் காளைக்கு மட்டும் ஏன் நெறி வகுக்க முடியாது?

நெறி வகுத்தால் என்ன விளையும் என்பதற்கும் சான்று உண்டு. நமக்கு அடுத்த ஊரான பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே என்ற பெண், ஓசூர் நிறுவனத்தின் பந்தய அணியிலே ஓட்டி, 2019-ல் பாஹா எனப்படும் கரடுமுரடான தடப் பந்தயங்களின் உலகக் கோப்பையைப் பெண்கள் பிரிவில் வென்றார். பயிற்சி இருந்தது, அணி இருந்தது, கவசம் இருந்தது, வெற்றி வந்தது. ஓசூரின் ஆலை வாயில்களிலிருந்து வெளியே வருகிற ஆயிரமாயிரம் ஆண்களிலும் பெண்களிலும் அப்படி எத்தனை பேர் மறைந்து கிடக்கிறார்களோ!

நம் வீட்டிலிருந்து தொடங்குவோம்

ஊருக்கு உபதேசம் செய்யுமுன் நம் வீட்டைப் பார்ப்போம். தலைவர் வருகிறார் என்றால் இருசக்கர ஊர்வலம் விடுகிறோம். நூறு வண்டி, இருநூறு வண்டி. முன்னே போகிற இரண்டு இளைஞர்கள் கொடியைக் கட்டிக்கொண்டு முன் சக்கரத்தைத் தூக்குகிறார்கள். தலையிலே கவசம் இல்லை. சைலன்சரைக் கழற்றிய ஓசை காதைப் பிளக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? சிரிக்கிறோம், விசில் அடிக்கிறோம், செல்போனிலே படம் பிடிக்கிறோம். எல்லாக் கட்சிகளிலும் நடக்கிறது என்பது விடை அல்ல. எல்லாரும் செய்வதைத் தானும் செய்வதற்கு ஓர் இயக்கம் எதற்கு?

இனி நம் ஊர்வலத்தில் சக்கரம் தரையிலேயே ஓடட்டும். தலைக்கவசம் இல்லாதவன் கையில் கொடி கொடுக்காதீர்கள். வீலிங் செய்கிறவனை மேடைக்குக் கீழே அழைத்துக் கண்டிக்க வேண்டாம். படிப்பகத்துக்கு அழைத்துப் பேசுங்கள். "தம்பி, உன் திறமையை நாங்கள் பழிக்கவில்லை, அதற்கு இடம் கேட்டுப் போராட உன்னையே முன்னால் நிறுத்துகிறோம்" என்று சொல்லுங்கள். கேட்பான். இதுவரை அவனிடம் பேசியவர்கள் எல்லோரும் அதட்டிப் பேசினார்கள். அன்பாகப் பேசியவர் இல்லை.

கேட்பது இதுதான்

கோரிக்கை வானத்து நிலவல்ல, எண்ணிச் சொல்லிவிடலாம்.

முதலாவது, ஓசூரில், காட்டுக்கும் யானைத் தடத்துக்கும் விலகிய இடத்தில், அரசு நிலத்தில் ஒரு பயிற்சித் திடல். சில நூறு மீட்டர் நேரான தார்த் தளம், இரு புறமும் வேலி, ஓரங்களில் பழைய டயர்களை அடுக்கிய தடுப்பு, வாயிலில் ஆம்புலன்ஸ். அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஓசூர் மாநகராட்சியும் மனம் வைத்தால் நடக்கும்.

இரண்டாவது, ஆசான். பயிற்சி பெற்ற ஓட்டுநர்களை அமர்த்தி, சிறிய பழைய வண்டிகளில், பின் பிரேக்கிலிருந்து பாடம் தொடங்கட்டும். உரிமம் இல்லாதவனுக்கும் குடித்தவனுக்கும் உள்ளே இடமில்லை. தலைக்கவசம், கையுறை, முதுகுக் காப்பு, காலணி எல்லாம் திடலிலேயே வாடகையின்றிக் கிடைக்கட்டும். பெண்களுக்கும் சம இடம் இருக்கட்டும்.

மூன்றாவது, செலவு. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். வேகத்தை விற்று வந்த லாபத்தில் ஒரு சிறு துளியை, வேகத்தைக் கற்பிக்கச் செலவிடட்டும். பிச்சை கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறோம்.

"மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பணம் இல்லாதபோது இதற்கா?" என்பார் சிலர். மருத்துவமனைக்கும் கேட்போம், பள்ளிக்கும் கேட்போம். ஒன்றைக் கேட்பதால் மற்றொன்று கெட்டுவிடாது. மேலும், எலும்பு முறிந்த பிள்ளைகள் மருத்துவமனைக் கட்டிலை நிரப்பாமல் இருப்பதும் மருத்துவமனைக்குச் செய்கிற தொண்டுதான். "திடல் கொடுத்தால் எல்லாரும் கற்றுக்கொண்டு சாலையிலே வந்து காட்டுவார்களே" என்பார் வேறு சிலர். நீந்தக் கற்றவன் கிணற்றிலே குதித்துச் சாவதில்லை. எது ஆழம் என்று அறிந்தவன் அவனே. வித்தையின் ஆபத்தை முறையாகக் கற்றவன், எங்கே செய்யக்கூடாது என்பதையும் கற்றிருப்பான். அதற்குப் பிறகும் சாலையிலே சக்கரம் தூக்குகிறவனை, சட்டம் பிடிக்கும்போது நாம் குறுக்கே நிற்க மாட்டோம்.

கிளைத் தோழர்கள் இதைத் தீர்மானமாக்கட்டும். தொழிற்சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலிலே சம்பளத்துக்கும் நிரந்தரத்துக்கும் அடுத்து ஒரு வரி சேர்க்கட்டும். திங்கட்கிழமை குறை தீர்க்கும் நாளில் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போகட்டும். போகும்போது அந்த இளைஞர்களையே முன்னே அழைத்துச் செல்லுங்கள். தலைக்கவசத்தோடு, இரண்டு சக்கரமும் தரையில் பதிய, ஒருவர் பின் ஒருவராக. அப்படி ஓட்டத் தெரிந்தவர்கள் என்பதை ஊர் பார்க்கட்டும்.

வண்டியைச் செய்யத் தெரிந்த கைகளுக்கு அதை ஆளவும் தெரியும். ஆளப் பழகுவதற்கு இடம் கொடுங்கள் என்று அரசைக் கேட்போம். அந்த இடம் வரும்வரை, சானமாவுச் சாலையை ஷிப்டுக்குப் போகிறவனுக்கும், சந்தைக்குப் போகிறவளுக்கும், கேழ்வரகுக் கொல்லைக்குப் போகிற யானைக்கும் விட்டுவிடு என்று தம்பியைக் கேட்போம்.

திடலைக் கொடு! சாலையை விடு!